ஆரஞ்சுத் தோலில் இருந்து பெக்டின் எடுப்பது எப்படி?

பழச்சாறு பிழிந்தபின் மிஞ்சும் தோலும் சக்கையும் பழத்தின் எடையில் ஏறக்குறைய பாதி. அதைக் குப்பை என்று தள்ள எனக்கு மனமே வருவதில்லை. தோலின் உட்புறம் பஞ்சுபோல இருக்கும் வெள்ளைப் பகுதியில்தான் பெக்டின் இருக்கிறது. ஜாமைக் கெட்டியாக்கும் பொருள் இதுதான். காய்ந்த தோலின் எடையில் 20 முதல் 30 சதவீதம் வரை இது இருக்கும். கடைகளில் விற்கும் பெக்டினும் பெரும்பாலும் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் இருந்தும் ஆப்பிள் சக்கையில் இருந்தும் வருவதுதான்.

முதலில் தோலைத் தயார் செய்வோம். புதிய தோலாக 100 கிராம் போதும். நிறமுள்ள மேல்தோலைச் சீவிவிடுங்கள். எண்ணெய் அதில்தான் அதிகம். வெள்ளைப் பகுதியைப் பொடியாக நறுக்கி, கொதிக்கும் நீரில் 5 நிமிடம் போட்டு எடுங்கள். பலர் விட்டுவிடும் வேலை இது. பிழிந்த தோலில் உள்ள நொதிகள் பெக்டினைச் சிதைக்கத் தொடங்கிவிடும். இந்தச் சூடு அவற்றை நிறுத்தும். அப்புறம் நீர் தெளியும்வரை அலசுங்கள்.

அடுத்து, 400 மில்லி நீரில் ஒரு டீஸ்பூன் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, தோலைப் போட்டு ஒரு மணி நேரம் சூடாக்குங்கள். எவர்சில்வர் பாத்திரம் நல்லது, அலுமினியம் வேண்டாம். வெப்பம் 80 முதல் 90 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கட்டும். தளதளவென்று நெடுநேரம் கொதித்தால் பெக்டின் சங்கிலிகள் அறுந்துபோகும், பிறகு உறையாது. துணியில் தானாக வடியவிடுங்கள், பிழிந்தால் கலங்கும்.

வடிந்த நீர் நன்றாக ஆறட்டும். அடுப்பை அணைத்துவிட்டு, சன்னலைத் திறந்து வைத்து, அதைப்போல இரண்டு மடங்கு எத்தனால் என்ற ஆல்கஹாலை (95 சதவீதம்) மெல்ல ஊற்றிக் கிளறுங்கள். ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும், கவனம்.

இந்த இடத்தை நிதானமாகப் பாருங்கள். மங்கலான மஞ்சள் நீரில் முதலில் வெண்ணிழைகள் தோன்றும். சில நிமிடங்களில் அவை ஒன்றோடொன்று பின்னி, கரண்டியால் தூக்கினால் வழுவழுவென்று தொங்கும் கட்டியாகும். அதுதான் பெக்டின். திரளாமல் இழைகள் சிதறிக் கிடந்தால் சாறு நீர்த்திருக்கிறது என்று பொருள்; அடுத்த முறை, வடித்த சாறைச் சிறு தீயில் பாதியாக வற்றவைத்து, ஆறியபின் ஆல்கஹால் சேருங்கள்.

கட்டியைத் துணியில் பிழிந்து, இன்னொரு முறை ஆல்கஹாலில் அலசி, காற்றோட்டமான நிழலில் உலர்த்திப் பொடியாக்குங்கள். கிடைப்பது சில கிராம்தான். தொழிற்சாலை உபயோகத்துக்கான ஆல்கஹாலில் எடுத்ததைச் சாப்பிடவே கூடாது.

சரி, இதை வைத்து என்ன செய்யலாம்? மெல்லிய படலம் செய்து பாருங்கள். 2 கிராம் பெக்டினை அரை கிராம் கிளிசரினில் குழைத்து, 100 மில்லி வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். பொடியை நேராக நீரில் கொட்டினால் கட்டிகட்டியாகிவிடும். தட்டையான தட்டில் ஊற்றி ஓரிரு நாள் காயவிட்டால், ஒளி ஊடுருவும் தாளாக உரிந்து வரும். கிளிசரின் இல்லாவிட்டால் அது நொறுங்கும்.

இந்தப் படலம் நீரில் கரையும். அதனால் எல்லா பிளாஸ்டிக்குக்கும் மாற்று என்று சொல்லமாட்டேன். உலர்ந்த பொருளைச் சுற்றிவைக்க நன்றாகவே உதவும். வடிகட்டிய சக்கையை அலசி உரக்குழியில் போடுங்கள். தோல் நிறைய இருந்து உடனே வேலை பார்க்க முடியாவிட்டால், கொதிநீரில் போட்டு எடுத்து, மொறுமொறுப்பாக உலர்த்தி, காற்றுப்புகாத டப்பாவில் மூடிவையுங்கள்.