'மதராஸ் பிரசிடென்சி' ஸ்குவாட்ரன் விமானி ஒருவருக்கு நினைவுக் குறிப்பு எழுதுவது எப்படி

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவில் இருந்த 35ஆம் ஸ்குவாட்ரனுக்கு (விமான அணிக்கு) 'மதராஸ் பிரசிடென்சி' என்பது பட்டப்பெயர். நம் மாகாணத்து நன்கொடையால் வந்தது. ஹாலிஃபாக்ஸ் என்ற கனரகக் குண்டுவீச்சு விமானங்களை முதலில் ஓட்டியவர்கள் இவர்கள்தான். இந்த ஸ்குவாட்ரனில் இருந்து உயிர்விட்ட விமானியைத் தேட, முதலில் பிடிக்க வேண்டியது அவருடைய சேவை எண். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், எண் ஒருவருக்குத்தான். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயரையும் இறந்த ஆண்டையும் கொடுத்து, 'விமானப்படை' என்று வடிகட்டினால் எண், பதவி, கல்லறை விவரம் எல்லாம் வரும். பல பேருக்கு வயதும் பெற்றோர் பெயரும் கிடைக்கும்.

அடுத்தது விமானத்தின் வரிசை எண். லிங்கனில் உள்ள சர்வதேச குண்டுவீச்சுப் படை மையத்தின் இழப்புப் பட்டியலில் இது கிடைக்கும். விமானத்தின் பக்கவாட்டில் தீட்டிய எழுத்துகளை நம்பிவிடாதீர்கள். விமானம் திரும்பாவிட்டால் அடுத்து வருவதற்கு அதே எழுத்தைத் தீட்டுவார்கள். 1942 ஏப்ரலில் டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பலைத் தாக்கப்போய் நார்வேயின் ஏரியில் இறங்கிய ஹாலிஃபாக்ஸில் 'டிஎல்-எஸ்' என்றிருந்தது. ஆனால் அதை அடையாளம் காட்டுவது 'டபிள்யூ1048' என்ற எண்தான்.

இனி லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். ஸ்குவாட்ரன் பதிவேடுகள் 'ஏஐஆர் 27' வரிசையில் இருக்கின்றன. அதில் ஃபார்ம் 540 நாள்வாரிச் சுருக்கம். நமக்கு வேண்டியது ஃபார்ம் 541: குழுவினர் பெயர், கிளம்பிய நேரம், இலக்கு எல்லாம் அதில்தான். இங்கே பலரும் தேதியில் சறுக்குகிறார்கள். இரவுத் தாக்குதல் இரண்டு தேதிகளில் விழும். பதிவேட்டில் கிளம்பிய நாளும், கல்லறையில் மறுநாளும் இருக்கலாம். '12/13 இரவு' என்பதுபோல் எழுதினால் குழப்பமில்லை. குழுவில் இரண்டு விமானிகள் தென்பட்டாலும் பதற வேண்டாம். புது விமானியை அனுபவசாலியோடு பயிற்சிக்காக அனுப்புவது வழக்கம். விமானத்துக்குத் தலைவர் யார் என்று பார்க்கும்போது பதவியைப் பார்க்காதீர்கள்: ஓட்டியவர் சார்ஜண்ட்தான் என்றாலும், கூட வந்த அதிகாரிகளுக்கும் அவரே கேப்டன்.

ஆஸ்திரேலியர் என்றால் அந்நாட்டுத் தேசியக் காப்பகத்தின் 'ஏ705' கோப்புகளைத் தேடுங்கள். விசாரணைக் கடிதங்கள்வரை அதில் கிடைக்கும்.

கல்லறைக் குறிப்பில் 'கூட்டுக் கல்லறை' என்றிருந்தால், உடல்களைத் தனித்தனியே அடையாளம் காண முடியவில்லை என்று பொருள். கல்லறையே இல்லாதவர்களின் பெயர் இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவுச் சின்னத்தில் இருக்கும். அங்கே 20,000க்கும் மேற்பட்ட பெயர்கள், ஆகவே பலகை எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். பிரிட்டனில் விழுந்த விமானமென்றால், அந்த இடத்தை உரிமமின்றித் தோண்டுவது 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

எழுதும்போது இறந்த நாளில் இருந்த பதவியைப் போடுங்கள். கூட இறந்தவர்களின் பெயரையும் அவரவர் வேலையோடு சேருங்கள். விமானியை மட்டும் எழுதுவது அரைகுறை. 'சுட்டு வீழ்த்தப்பட்டார்' என்பதற்கு ஆவணம் இல்லையா, 'திரும்பவில்லை' என்றே விடுங்கள். நினைவுப் பலகை செதுக்கக் கொடுக்கும் முன் பெயரின் எழுத்துக்கூட்டலை ஃபார்ம் 541-ஐ வைத்துச் சரிபார்க்காதீர்கள், தட்டச்சுப் பிழை அதில் ஏராளம். ஆணையத்தின் பதிவே தவறென்றால், பிறப்புச் சான்று போன்ற ஆதாரத்தோடு எழுதித் திருத்தம் கேட்கலாம்.