ஆண் நர்ஸ்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நர்சிங் முடித்து முதல் வேலைக்குப் போகும் தம்பிகள் பலர், யாராவது 'டாக்டர்' என்று கூப்பிட்டால் திருத்தாமல் விட்டுவிடுகிறார்கள். ஆண் என்றாலே டாக்டர் என்று நினைக்கும், நோயாளிக்குத் துணையாக வரும் அட்டெண்டர்கள் நம் ஊரில் நிறைய. "ஆபரேஷன் வேண்டியிருக்குமா சார்?" என்று கேட்பார்கள். நீங்கள் சும்மா தலையாட்டியதை, டாக்டரே சொல்லிவிட்டார் என்று ஊருக்கு போன் போட்டுவிடுவார்கள். "நான் ஸ்டாஃப் நர்ஸுங்க, டாக்டர் ரவுண்ட்ஸ் வந்ததும் கேட்டுக்கலாம்" என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். பக்கத்தில் நிற்கும் பெண் டாக்டரை 'சிஸ்டர்' என்று அழைத்தால் அதையும் திருத்துங்கள்.

இதைவிடக் கவனம் தேவைப்படுவது பெண் நோயாளிகளிடம். ஈசிஜியையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்பில் ஒட்டும் மின்முனைகள், அதாவது லீடுகள், ஆறு. அதில் நான்காவதான வி4 ஐந்தாவது விலா இடைவெளியில், பெண்களுக்குப் பெரும்பாலும் மார்பகத்தின் அடியில் வரும். ஒரு வார்த்தை சொல்லாமல் துணியை விலக்குவது தப்பு. கூச்சப்பட்டு லீடை மேலே தள்ளி ஒட்டுவதும் தப்புதான். இடம் மாறினால் கிராஃப் மாறும், இல்லாத கோளாறு இருப்பதுபோலத் தெரியும். ஸ்கிரீனை இழுத்துவிட்டு, பெண் ஊழியர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, "நெஞ்சுல ஆறு இடத்துல ஒட்டணும்மா, ஒட்டலாமா?" என்று கேளுங்கள். மேலே போர்வை இருக்கட்டும், தேவையான இடத்தை மட்டும் திறந்தால் போதும். மார்பகத்தை உயர்த்த வேண்டியிருந்தால் புறங்கையால் செய்யுங்கள். அந்த அம்மா வேண்டாம் என்றால் சிஸ்டரை அனுப்புங்கள். அவர் மறுப்பதை உங்களுக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

"பிரதர், கொஞ்சம் தூக்கிவிடுங்க" என்று எல்லா வார்டிலிருந்தும் கூப்பிடுவார்கள். போங்கள், ஆனால் தனியாகத் தூக்காதீர்கள். நோயாளியை நகர்த்த உதவும் டிரா ஷீட்டை அவருக்கு அடியில் விரித்து, இரண்டு பக்கமும் ஆள் நின்று சேர்ந்து நகர்த்துங்கள். இடுப்பு போய்விட்டால் இந்த வேலையில் நீடிப்பது கஷ்டம். நாள் முழுக்கத் தூக்குவது மட்டுமே உங்கள் பங்காகிவிட்டால், மருந்து கொடுப்பதும், அடுத்த ஷிஃப்டிடம் நோயாளி விவரத்தை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவரும் எனக்கும் வேண்டும் என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள். அந்தப் பழக்கம் இல்லாமல் கை தேறாது.

அரசு வேலைக்குத் தயாராகிறவர்கள் அறிவிக்கையைப் படிக்காமல் தேர்வுக்கு உட்காருவதும் நடக்கிறது. எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் பணியிடங்களில் 80 சதவீதம் பெண்களுக்கு, 20 சதவீதம் ஆண்களுக்கு. உங்கள் போட்டி அந்த 20-க்குள்தான். அதைக் கணக்கில் வைத்து, எய்ம்ஸ் ஒன்றையே நம்பியிராமல் மற்ற தேர்வுகளுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.