பெரிய கைக்கு எந்த நைலான் கிட்டார்?

கை பெரிசு என்றால் அகலமான கழுத்து வாங்கு என்பார்கள். நானும் அப்படியே நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் படிந்து போகும் சிறு பட்டை) 52 மில்லிமீட்டர் அகலமுள்ள, நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார் வாங்கி, விரலால் மீட்டி ஜாஸ் வாசிக்க இரண்டு வருடம் மல்லுக்கட்டினேன். இடது மணிக்கட்டு வலித்ததுதான் மிச்சம்.

என் விரல்கள் நீளம், நுனி மெலிவு. சிங்கப்பூர் துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் என் தம்பிக்கு விரல் அவ்வளவு நீளமில்லை, நுனி தடிமன். இரண்டு பேர் கையையும் பெரிசு என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஒரே கிட்டார் இரண்டு பேருக்கும் சரிவராது.

கடையில் முதலில் ஏ மேஜர் கார்டு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடி) பிடித்துப் பாருங்கள். இரண்டாவது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே உலோகக் கோடுகள் பிரிக்கும் கட்டத்தில்) மூன்று விரல் நெருங்கி உட்கார வேண்டும். பக்கத்துக் கம்பியில் விரல் இடித்து ஒலி செத்துப்போனால் உங்களுக்கு 52தான். இடிக்கவில்லையா? 48ஐக் கையில் எடுங்கள். யமஹாவில் என்சிஎக்ஸ் வகைக்கு 52, என்டிஎக்ஸ் வகைக்கு 48; அடுத்தடுத்து வாசித்துப் பார்க்க வசதியான ஜோடி. 4 மில்லிமீட்டர் வித்தியாசம் ஐந்து இடைவெளிகளுக்குப் பிரிந்துபோகும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஆனால் 48இல் என் கட்டைவிரல் மேலே சுற்றி வந்து மிகத் தடித்த ஆறாவது கம்பியைப் பிடிக்கிறது. பேஸ் (கீழ்ச்சுர வரிசை) ஓடும்போதே மற்ற விரல்கள் மெட்டுக்குக் கிடைக்கின்றன. எனக்கு வேண்டியது அதுதான். சார்லி பேர்ட் கிளாசிக்கல் கிட்டாரிலேயே அருமையாக ஜாஸ் வாசித்தவர், ஆகவே 52 தப்பு என்று சொல்ல மாட்டேன்.

வலது கையை மறந்துவிடாதீர்கள். கட்டைவிரலும் மூன்று விரலும் சேர்த்து ஒரு கார்டை ஒரே நேரத்தில் இழுத்துப் பாருங்கள். விரல்கள் ஒன்றையொன்று இடித்தால், பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைக் கட்டும் கட்டை) பக்கம் கம்பிகள் இன்னும் தள்ளியிருக்கும் கிட்டாரைத் தேடுங்கள். அப்புறம், பெரிய உள்ளங்கை கழுத்தின் அடியில் முட்டும். கழுத்து 12ஆவது ஃபிரெட்டில் உடலோடு சேர்ந்து, உடலின் பக்கத்தில் கை நுழைய வளைவாக வெட்டிய இடமும் இல்லையென்றால் மேல் சுரங்கள் எட்டவே எட்டாது.

டிரம்ஸோடு வாசிக்கப் போகிறீர்களா? பியெசோ பிக்கப் (கம்பியின் அதிர்வை அழுத்தத்தால் உணர்ந்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கருவி) உள்ளதா என்று கேளுங்கள். எலெக்ட்ரிக் கிட்டாரின் காந்தப் பிக்கப் நைலானை உணராது.

கிட்டார் கடைகள் உள்ள பெனின்சுலா கடைத்தொகுதிக்குப் போகிறவர்கள் வார நாள் பகலில் போங்கள், நிதானமாக அரை மணி நேரம் வாசிக்கலாம். மில்லிமீட்டர் அளவுகோல் ஒன்றும் கொண்டுபோங்கள். 12ஆவது ஃபிரெட்டில் ஆறாவது கம்பி 4 மில்லிமீட்டருக்கு மேல் தூக்கியிருந்தால், பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் பட்டையான சேடிலைத் தேய்த்துத் தருவார்களா என்று காசு கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள்.

நம் ஊர் ஈரப்பதத்தில் மரம் உப்பி, கம்பி இன்னும் உயரும். முழு மரப் பலகை கிட்டார் வாங்கினால் ஈரம் உறிஞ்சும் அலமாரிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். அதனுள் ஈரப்பதத்தை 50 விழுக்காட்டில் வைத்தால் போதும்.