லட்சம் கிலோமீட்டர் தாண்டிய கார்: கியர் ஆயிலை மாற்றலாமா, விட்டுவிடலாமா?

"பழைய வண்டிங்க, கியர் ஆயிலைத் தொடாதீங்க, தொட்டா பெட்டி போயிரும்" என்பது கோவை, ஈரோட்டுப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. மேனுவல் கியருக்கு அது வெறும் பயம், தாராளமாக மாற்றலாம். ஆட்டோமேட்டிக்கில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக் என்றால்

முதலில் ஓட்டிப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் வேகம் கூடாமல் இன்ஜின் சுற்று (ஆர்பிஎம்) மட்டும் ஏறுகிறதா? டி-யில் போட்டு இரண்டு நொடி கழித்துத்தான் வண்டி குதித்துக் கிளம்புகிறதா? ஆயில் குறைந்தாலும் இப்படி ஆகும் என்பதால் அளவைச் சரிபாருங்கள். அளவு சரியாக இருந்தும் இப்படி வழுக்கினால் உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தேய்ந்த தட்டைப் புது ஆயில் சரிசெய்யாது. கடைசியில் பழி மட்டும் ஆயில் மேல் விழும்.

வழுக்கல் இல்லையென்றால் டிப்ஸ்டிக்கில் ஒரு சொட்டு எடுத்து வெள்ளைப் பனியன் வேஸ்ட்டில் விடுங்கள். சிவப்போ பழுப்போ இருந்து கருகல் வாடை இல்லையென்றால் மாற்றலாம். கறுப்பாக, கருகிய வாடையோடு, விரலில் நறநறவென்று இருந்தால் முதலில் கியர் பெட்டியைப் பரிசோதிக்க வேண்டும். ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது, வண்டியை அசைக்காதீர்கள்.

வடித்தால் பெரும்பாலும் பாதிக்கும் குறைவாகவே வெளியே வரும். மிச்சம் டார்க் கன்வெர்ட்டரில் (இன்ஜின் விசையை ஆயில் மூலம் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) தங்கிவிடும். வந்ததை அளந்து அதே அளவு ஊற்றுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி இன்னொரு முறை செய்யுங்கள். பழைய பெட்டிக்கு மெஷின் ஃப்ளஷ் வேண்டவே வேண்டாம்: அடியில் படிந்த தூள் கிளம்பி ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியில் போய் அடைக்கும். சிவிடி-க்கு (தனித்தனி கியருக்குப் பதில் பெல்ட்டோ செயினோ ஓடும் ஆட்டோமேட்டிக்) அதற்கென்று உள்ள ஆயில் மட்டும்தான்.

மேனுவல் என்றால்

பத்து கிலோமீட்டர் ஓட்டி ஆயிலைச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்துங்கள். நான்கு பக்கமும் ஒரே உயரத்துக்குத் தூக்கி ஸ்டாண்ட் கொடுங்கள். ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுக்காதீர்கள், நொறுங்கிவிடும்.

அடுத்ததுதான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கைத் தொடும் முன், மேலே பக்கவாட்டில் உள்ள ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். பல வருடம் திறக்காத பிளக் இறுகிப்போயிருக்கும். ஆயிலை வடித்த பிறகு அது கழலாவிட்டால் நிரப்ப வழியில்லை. காரை டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும். முந்தின நாள் ராத்திரியே துரு நீக்கி அடித்து ஊறவிடுங்கள். ஆறுமுனை சாக்கெட்தான் சரி. அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் முனையை உருட்டிவிடும்.

வடிந்ததும் பிளக்கின் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிற மை போல் ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம். சில்லுச் சில்லாக இரும்பு இருந்தால் கியர் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது.

புது வாஷர் போட்டு டிரெயின் பிளக்கை மூடுங்கள். ஃபில்லர் துளையின் கீழ் விளிம்பில் வழியும் வரை ஊற்றுங்கள். சிறிய கார்களுக்குச் சுமார் இரண்டு லிட்டர் பிடிக்கும். காரோடு வந்த கையேட்டுப் புத்தகம் ஜிஎல்-4 (கியர் ஆயிலின் தர வகை) கேட்டால் அதையே வாங்குங்கள். "ஜிஎல்-5 இன்னும் உசத்திங்க" என்று கடையில் சொன்னாலும் வேண்டாம்: அதில் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்க்கை கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சிங்க்ரோ வளையத்தின் பித்தளையை அரிக்கலாம்.

ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி. அந்த மாதிரி மலைப்பாதையில் அடிக்கடி ஏறுகிற வண்டிக்கு, புத்தகத்தில் போட்டிருக்கும் இடைவெளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சேர்த்தது: ஏஎம்டி (கிளட்சும் கியரும் தானாக மாறும்) கார்களை ஆட்டோமேட்டிக் என்று நினைத்து ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் பெட்டிக்கான ஆயில், வாங்கிவிடுகிறார்கள். ஏஎம்டி உள்ளே மேனுவல் பெட்டிதான். அதற்குக் கியர் ஆயில். கிளட்சையும் கியரையும் இயக்க ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் உள்ள வண்டியில் அதற்கான திரவம் தனி. இரண்டையும் மாற்றி ஊற்றிவிடாதீர்கள்.