நீர்க்கடுப்பா? முதல் மாத்திரைக்கு முன்னால் யூரின் கல்ச்சர் கொடுங்கள்

நான் மைக்ரோபயாலஜி லேபில் டெக்னீஷியன். யூரின் கல்ச்சர் என்றால் சிறுநீரில் இருக்கும் கிருமியைப் பிளேட்டில் வளர்த்துப் பார்க்கும் சோதனை. காலையில் முதல் வேலையே அந்தப் பிளேட்டுகளைப் பார்ப்பதுதான். நீர்க்கடுப்பு என்று வருகிறவர்களிடம் "மாத்திரை ஏதாவது போட்டீங்களாம்மா?" என்று கேட்டால், "மெடிக்கல்ல சொல்லி ரெண்டு வேளைக்கு வாங்கிப் போட்டேன், கேக்கல" என்ற பதில் அடிக்கடி வரும். அந்த இரண்டு வேளை மருந்து கிருமியைக் கொல்லாமல் கொஞ்சம் அடக்கி வைத்திருக்கும். பிளேட்டில் வளர்ச்சி இல்லை என்று ரிப்போர்ட் போகும், எரிச்சல் போகாது. எந்த மருந்து கேட்கும் என்று கண்டுபிடிக்க இருந்த வழியும் அடைபட்டுவிடும். அதனால் சாம்பிள் முதலில், மாத்திரை அப்புறம். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் மருந்தின் பெயரை மறைக்காமல் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் கல்ச்சர் தேவைப்படாது. ஆரோக்கியமான இளம்பெண்ணுக்கு முதல் தடவை வரும் சாதாரணக் கடுப்புக்கு டாக்டர் நேரடியாகவே மருந்து எழுதலாம். கர்ப்பிணிகள், ஆண்கள், குழந்தைகள், திரும்பத் திரும்ப வருகிறவர்கள், மருந்து சாப்பிட்டும் குணமாகாதவர்கள் கட்டாயம் கொடுக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளும் கொடுப்பது நல்லது. குளிர்காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி இருந்தால் கிருமி சிறுநீரகம் வரை போயிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், சாம்பிள் கொடுத்த கையோடு டாக்டர் தரும் மருந்தை ஆரம்பித்துவிடுங்கள். ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது.

டப்பாவை லேபில் வாங்கிக்கொள்ளுங்கள். கழுவிக் காயவைத்த டானிக் பாட்டில் சரிவராது. காலையில் எழுந்ததும் போகும் சிறுநீர் சிறந்தது. அந்த இடத்தை வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள், டெட்டால் வேண்டாம். முதலில் வருவதைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, நிறுத்தாமல் நடுவில் வருவதைப் பிடியுங்கள். டப்பாவின் உள்பக்கத்திலும் மூடியின் உள்பக்கத்திலும் விரல் படக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்துவிட வேண்டும். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை என்ற குடல்கிருமி சாதகமான சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும். வெயிலில் பைக் டேங்க் கவரில் அரை நாள் கிடந்த டப்பாவில் நான் எண்ணுவது உங்கள் உடம்பில் இருந்த கிருமியின் கணக்காக இருக்காது.

அதன்பிறகு நாங்கள் ஒரு மைக்ரோலிட்டர் சிறுநீரை எடுத்து பிளேட்டில் தேய்ப்போம். மறுநாள் நூறு புள்ளி முளைத்திருந்தால் ஒரு மில்லிக்கு ஒரு லட்சம் கிருமி என்று கணக்கு. அந்தக் கிருமியை இன்னொரு பிளேட்டில் பரப்பி, மருந்து தோய்த்த சின்ன வட்டுகளை வைப்போம். எந்த வட்டைச் சுற்றிக் கிருமி வளரவில்லையோ, அந்த வெற்று வளையத்தை மில்லிமீட்டரில் அளப்போம். இதற்கு இன்னொரு நாள் ஆகிவிடும். ரிப்போர்ட் ஏன் இவ்வளவு நாள் என்று கவுன்ட்டரில் கோபப்படாதீர்கள், கிருமி வளராமல் எங்களால் எதையும் பார்க்க முடியாது.

ரிப்போர்ட்டில் முதலில் கிருமியின் பெயர் இருக்கும், பெரும்பாலும் ஈ.கோலை. மூன்று நான்கு வகை கலந்து வளர்ந்ததாக எழுதியிருந்தால் சாம்பிளில் வெளிக்கிருமி சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம், மறுபடி கொடுங்கள். அடுத்து மருந்துப் பட்டியல். பக்கத்தில் 'எஸ்' என்றால் கேட்கும், 'ஆர்' என்றால் கேட்காது. எண்களைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். இருபது மில்லிமீட்டர் வளையம் நைட்ரோஃபியூரன்டாயினுக்கு 'எஸ்', அதே இருபது சிப்ரோஃப்ளாக்சசினுக்கு 'ஆர்'. மருந்துக்கு மருந்து அளவுகோல் வேறு, அதனால் ஒன்றின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடவே கூடாது. மெரோபெனம் 'எஸ்' என்று இருப்பதால் அதுதான் வேண்டும் என்றும் கேட்காதீர்கள். அது உயிருக்கு ஆபத்தான தொற்றுகளுக்காகக் காப்பாற்றி வைக்க வேண்டிய ஊசி. சாதாரணக் கடுப்புக்கு அதைச் செலவழிப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது.

இ.எஸ்.பி.எல். என்று குறிப்பு இருந்தால், செஃபிக்சிம் போன்ற மருந்துகளை உடைக்கும் நொதியை அந்தக் கிருமி சுரக்கிறது என்று பொருள். பயப்பட வேண்டாம். அப்போதும் சிறுநீர்ப்பை அளவில் நிற்கும் தொற்றுக்கு நைட்ரோஃபியூரன்டாயினோ, ஒரே வேளை கரைத்துக் குடிக்கும் ஃபாஸ்போமைசினோ பல நேரம் கேட்கிறது. நைட்ரோஃபியூரன்டாயினைச் சாப்பாட்டோடு போடுங்கள். சிறுநீர் பழுப்பாகப் போகும், அது மருந்தின் நிறம். எரிச்சலுக்கு என்று கொடுக்கும் சிட்ரேட் சிரப்பை இதோடு சேர்ப்பதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள், சிறுநீரின் அமிலத்தன்மை குறைந்தால் இந்த மருந்தின் வேகமும் குறையும். சிறுநீரகத் தொற்றுக்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இது ஒத்துவராது.

எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமல், மாஸ்டர் செக்கப்பில் கிருமி என்று வந்தால் மருந்து பெரும்பாலும் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் சில ஆபரேஷன்களுக்குப் போகிறவர்களுக்கும் மட்டும் டாக்டர் கொடுப்பார். வயதானவர்களுக்குச் சிறுநீர் நாறுகிறது என்பதற்காக மட்டும் மாத்திரை கொடுக்கும் பழக்கத்தை வீட்டில் நிறுத்துங்கள். ஒவ்வொரு தேவையில்லாத மாத்திரையும் குடலில் இருக்கும் ஈ.கோலையில் மருந்துக்கு அடங்காதவற்றைத் தங்கவைக்கிறது. அடுத்த தொற்று வருவதும் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

ரிப்போர்ட்டை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த தடவை கடுப்பு வந்தால், டாக்டர் பேனாவை எடுப்பதற்கு முன் அதைக் காட்டுங்கள். அடங்காத கிருமி மாதக்கணக்கில் குடலில் தங்கக்கூடியது என்பதால், போன தடவை 'ஆர்' வந்த மருந்தைத் தவிர்க்க அது அவருக்கு உதவும்.