லாவெண்டர் எண்ணெயை வீட்டில் பயன்படுத்துவது எப்படி

லாவெண்டர் எண்ணெய் ரொம்ப சாது, அப்படியே தோலில் தடவலாம் என்று சொல்பவர்கள் நிறைய. கேட்காதீர்கள். பூங்கொத்துகளை ஆவியில் வடித்து எடுக்கிற அடர்த்தியான சாறு அது, தனியாகத் தடவினால் சிலருக்கு எரியும், சிவக்கும்.

முதலில் லேபிளைப் பாருங்கள். லவாண்டுலா அங்கஸ்டிஃபோலியா என்று செடியின் அறிவியல் பெயர் போட்டிருந்தால் நாம் தேடுவது அதுதான். ஸ்பைக் லாவெண்டர் வேறு செடி, கற்பூர நெடி தூக்கலாக இருக்கும், தூக்கத்துக்கு அது சரிப்படாது. வெறுமனே ‘ஃப்ராக்ரன்ஸ் ஆயில்’, அதாவது வாசனைக்காக மட்டும் தயாரித்த எண்ணெய், என்றிருப்பதைத் தோலில் போட வேண்டாம்.

கலக்கும் கணக்கு எளிது. ஒரு மில்லி என்பது சுமாராக 20 துளி. 30 மில்லி பாதாம் எண்ணெயிலோ ஜோஜோபா எண்ணெயிலோ 6 துளி விட்டால் 1 சதவீதம், முகத்துக்கு அதுவே தாராளம். கை கால் பிடித்துவிட 12 துளி வரை போகலாம். கலந்ததை முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள், அரிப்பு வந்தால் அந்த எண்ணெய் உங்களுக்கு இல்லை.

குளிக்கிற தொட்டியில் நேராகச் சொட்டுவதுதான் பலரும் செய்கிற தப்பு. எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே மிதந்து, நீங்கள் உள்ளே இறங்கியதும் துளித்துளியாக அப்படியே தோலில் ஒட்டிக்கொள்ளும், அதுவும் மென்மையான இடமாகப் பார்த்து. வாசனையில்லாத ஷாம்பூ ஒரு ஸ்பூனில் முதலில் குழைத்துவிட்டு அப்புறம் ஊற்றுங்கள்.

தூங்கும்போது வாசனை வேண்டுமா? டிஷ்யூவில் ஒரு துளி விட்டுக் கட்டிலருகே வைத்தால் போதும், முகம் உரசுகிற தலையணையில் வேண்டாம். டிஃப்யூசர், அதாவது வாசனையை அறையில் பரப்புகிற கருவி, என்றால் மூன்று நான்கு துளி, அரை மணி நேரம், ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும். வீட்டில் பூனை இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். இந்த மாதிரி பொருள்களை அதன் கல்லீரலால் சரியாக முறிக்க முடியாது, ரோமத்தில் படிந்ததையும் நக்கி விழுங்கிவிடும். ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

யாரும் அதிகம் பேசாத விஷயம், பழைய பாட்டில். இதிலுள்ள லினலூல் என்ற வாசனைப் பொருள் காற்றுப் பட்டுப் பட்டு மாறிப்போகும், மாறிய பொருள்தான் தோல் ஒவ்வாமையைக் கிளப்புகிறது. போன மாதம் ஒத்துக்கொண்ட எண்ணெய் இப்போது ஏன் அரிக்கிறது என்று குழம்புகிறவர்கள் முதலில் மூடியைச் சந்தேகிக்கலாம். அடர்நிறக் கண்ணாடிப் பாட்டில், இறுக்கமான மூடி, குளிர்ச்சியான இடம், அடுப்புக்கு எட்டாத தூரம். திறந்த தேதியை எழுதி ஒட்டுங்கள். பாதிக்குக் கீழே இறங்கினால் சின்னப் பாட்டிலுக்கு மாற்றுங்கள், உள்ளே நிற்கிற காற்று குறையும். வாசனை காரமாகத் திரிந்துவிட்டதா, தோல் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரில் 15 நிமிடமாவது விடாமல் கழுவுங்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து இருக்கிறது. உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், பாட்டிலும் கையோடு வரட்டும், என்ன எண்ணெய், எவ்வளவு போயிருக்கும் என்று அங்கே முதலில் கேட்பார்கள்.