துகளின் அளவு ‘20.90 நானோமீட்டர்’ என்று எழுதுவதற்கு முன்

எம்.எஸ்சி. மாணவர்கள் ப்ராஜெக்ட் அறிக்கையைக் கொண்டுவந்து கொடுக்கும்போது நான் முதலில் புரட்டுவது எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுச் சோதனை) பக்கத்தைத்தான். துத்தநாக ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ, எதுவாக இருந்தாலும் அந்தப் பக்கத்தின் அடியில் ‘துகளின் அளவு 20.90 நானோமீட்டர்’ என்பதுபோல ஒரு வரி இருக்கும். பின்னால் வரும் முடிவுகள் எல்லாம் அந்த ஒரு எண்ணை நம்பித்தான் நிற்கின்றன. அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசலாம்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். துத்தநாக ஆக்சைடின் பெரிய பீக் (எக்ஸ்.ஆர்.டி. வரைபடத்தில் எழும் முகடு) 36.25 டிகிரியில் வருகிறது. பாதி உயரத்தில் அதன் அகலம் 0.40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 1918-இல் ஷெரர் தந்த சூத்திரம் எளிமையானது: 0.9-ஐ எக்ஸ் கதிரின் அலைநீளத்தால் (செம்பு மூலம் என்றால் 0.15406 நானோமீட்டர்) பெருக்கி, பீக்கின் அகலத்தாலும் கோணத்தின் கொசைனாலும் வகுக்க வேண்டும். சரியாகப் போட்டால் 20.9 வரும்.

அகலத்தை ரேடியனுக்கு மாற்றாமல் டிகிரியிலேயே விட்டுவிட்டால் 0.36 நானோமீட்டர் என்று வரும். துத்தநாக ஆக்சைடின் அலகுக் கூடே (படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் அடிப்படைக் கட்டம்) 0.52 நானோமீட்டர் உயரம். தன் அலகுக் கூட்டைவிடச் சிறிய படிகம் இருக்க முடியாது என்பதால் இந்தத் தவறு உடனே மாட்டிக்கொள்ளும். பயப்பட வேண்டியது இன்னொரு தவறுக்கு. படத்தில் இருக்கும் கோணம், சூத்திரத்தில் போட வேண்டிய கோணமான தீட்டாவின் இரு மடங்கு. அதைப் பாதியாக்க மறந்துவிட்டால் 24.6 என்று வரும். பார்த்தால் நல்ல எண்ணாகத்தான் தெரியும், யாருக்கும் சந்தேகம் வராது.

அப்புறம், கருவியே பீக்கைக் கொஞ்சம் அகலமாக்கும். லாந்தனம் ஹெக்சாபோரைடு போன்ற தர மாதிரியை அதே கருவியில் ஓட்டினால் அது எவ்வளவு என்று தெரிந்துவிடும். நம் கணக்கில் அது 0.15 டிகிரி என்றால், வர்க்கங்களாகக் கழிக்கும்போது அளவு 22.5 ஆகிறது, நேராகக் கழித்தால் 33-ஐத் தாண்டுகிறது. ஒரே தூள், ஒரே பீக். இந்த நிலையில் தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் எழுதுவதில் எந்தப் பொருளும் இல்லை. ‘சுமார் 20 முதல் 35’ என்று எழுதி, எந்த முறையில் கழித்தீர்கள் என்றும் சொல்லுங்கள். அதுதான் நேர்மையான விடை. படிகத்துக்குள் இருக்கும் திரிபும் (அணு வரிசை இழுபட்டோ அமுங்கியோ இருப்பது) பீக்கை அகலப்படுத்தும், எனவே ஒரே பீக்கோடு நிற்காமல் நாலைந்து பீக்கையாவது பாருங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் கிடைப்பது படிகத்துணுக்கின் அளவுதான், துகளின் அளவு அல்ல. பலாச்சுளையை அளந்துவிட்டுப் பழம் இவ்வளவு பெரிது என்று சொல்ல முடியுமா? ஒரு துகளுக்குள் பல படிகத்துணுக்குகள் ஒட்டியிருக்கலாம். துகளைக் காட்டுவது டி.இ.எம். (ஊடுருவு மின்னணு நுண்ணோக்கி) படம்தான். அதிலும் அழகாகப் பிரிந்து நிற்கும் ஒரு மூலையை மட்டும் படமெடுத்து, பத்துத் துகளை எண்ணிச் சராசரி போடுவது வழக்கமாகிவிட்டது. வெவ்வேறு இடங்களிலிருந்து இருநூறு துகளையாவது எண்ணுங்கள். நீரில் மிதக்கும் துகள்களின் ஒளிச்சிதறலை வைத்து அளவு சொல்லும் டி.எல்.எஸ். கருவி தரும் எண் இன்னும் பெரிதாக இருக்கும். துகளைச் சுற்றிய நீர்ப்படலத்தையும் சேர்த்தே அது அளக்கிறது. சிறு துகள்களின் ஒளிச்சிதறல் விட்டத்தின் ஆறாவது அடுக்காகக் கூடுவதால், 100 நானோமீட்டர் துகள் ஒன்று 10 நானோமீட்டர் துகள் பத்து லட்சத்துக்குச் சமமாக ஒளியைச் சிதறடிக்கும். நாலு கட்டி மிதந்தாலே போதும், சிறிய துகள்கள் கணக்கிலேயே வராது. மூன்று கருவியும் மூன்று எண்ணைத் தந்தால் பதற வேண்டாம், மூன்றையும் எழுதுங்கள்.

நம் கல்லூரிகளில் அதிகம் நடப்பது இலைச்சாற்றில் வெள்ளி நானோ தயாரிப்பது. வேப்பிலையோ துளசியோ கொதிக்கவைத்து வடிகட்டி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊற்றினால் பழுப்பு நிறம் வரும். குழாய்த் தண்ணீரில் செய்தால் அதிலுள்ள குளோரைடு முதலில் வெள்ளி குளோரைடாகப் பால்போலக் கலங்கும். அதைப் பார்த்துவிட்டு ‘துகள் உருவாகிவிட்டது’ என்று குறிப்பெழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். காய்ச்சி வடித்த நீர் இதற்குக் கட்டாயம். இதைவிடப் பெரிய குறை பாக்டீரியா சோதனையில் இருக்கிறது. வெள்ளி அயனியே பாக்டீரியாவைக் கொல்லும், சில இலைச்சாறுகளும் கொல்லும். அதனால் பாக்டீரியா வளர்க்கும் தட்டில் வெறும் சாறு ஒரு குழியிலும், அதே அளவு வெள்ளி உள்ள நைட்ரேட் கரைசல் இன்னொரு குழியிலும் இல்லாமல், குழியைச் சுற்றி பாக்டீரியா வளராத தெளிவு வட்டத்துக்கு நானோ துகள்தான் காரணம் என்று சொல்ல வழியே இல்லை.

துகளோடு வெளிச்சத்தில் வைத்தால் மெத்திலீன் புளூ சாயம் சிதைந்து நிறம் போகிறதா என்று பார்க்கும் சோதனையும் இப்படித்தான். விளக்கைப் போடுவதற்கு முன் இருட்டில் கலக்கிக்கொண்டே இருந்து, சாயம் துகளில் ஒட்டி முடியும்வரை காத்திருங்கள். இல்லையென்றால் ஒட்டியதையும் சிதைந்ததையும் ஒன்றாக எண்ணிவிடுவீர்கள்.

பொறியியல் பக்கம் வந்தால், ‘நானோ சேர்த்தால் வலிமை கூடும், நிறைய சேர்த்தால் நிறையக் கூடும்’ என்ற நம்பிக்கைதான் முதல் தவறு. எபாக்ஸி ரெசினில் கார்பன் நானோகுழாய் கலக்கும்போது குழாய்கள் ஒன்றோடொன்று நூல்கண்டுபோலச் சிக்கிக்கொள்ளும். அளவு கூடக்கூடச் சிக்கலும் கூடும், அந்தக் கட்டியிலிருந்தே விரிசல் தொடங்கும். அல்ட்ராசோனிக் கருவியில் அதிக நேரம் வைத்துப் பிரிக்கப் பார்த்தால் குழாய்களே துண்டாகிவிடும். சோதனையில் உடைந்த துண்டைத் தூக்கிப்போடாமல், உடைந்த முகத்தை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள்; கட்டி இருந்தால் அங்கே தெரிந்துவிடும். வெறும் ரெசினோடு ஒப்பிடும்போதும் ஒரு கவனம் வேண்டும். கலப்பதற்காக ஊற்றிய அசிட்டோன் முழுதாக ஆவியாகாமல் கொஞ்சம் தங்கினாலே ரெசின் இளகிவிடும். அதனால் அதே அசிட்டோன் ஊற்றி, அதே நேரம் கலக்கி, அதே சூட்டில் உலர்த்தி, நானோ மட்டும் சேர்க்காத மாதிரி ஒன்றையும் அன்றைக்கே வார்த்து வையுங்கள்.